டபிள்யூ.எம்.ஏ.சி. மாஸ்டர்ஸ்: முடிவு முன்பே எழுதப்பட்ட சண்டையைக் குழந்தைகளிடம் போட்டி என்று சொல்லலாமா?

பதிவு 1 | பழையகேசட்

அனைவருக்கும் வணக்கம். சில நாள்களாக எனக்கும் என் தம்பிக்கும் தொலைபேசியில் நடந்துவரும் வழக்கு ஒன்றை இங்கே கொண்டுவந்து வைக்கிறேன். அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1995 முதல் 1997 வரை இரண்டு பருவங்களாக, மொத்தம் 26 அத்தியாயங்கள் ஒளிபரப்பான 'டபிள்யூ.எம்.ஏ.சி. மாஸ்டர்ஸ்' என்ற குழந்தைகள் தொடரைப் பற்றியது அது. பெயரிலுள்ள எழுத்துகள் 'உலகத் தற்காப்புக் கலை மன்றம்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம். அந்த மன்றம் உண்மையானதன்று. தொடருக்காகக் கற்பனை செய்யப்பட்டது.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கராத்தே, டேக்வாண்டோ, வூஷு போன்ற கலைகளில் உண்மையாகவே பட்டம் வென்ற வீரர்கள், ஆளுக்கொரு புனைபெயருடனும் ஆளுக்கொரு சின்னத்துடனும் களமிறங்குவார்கள். வென்றவர் தோற்றவரின் 'கீ' சின்னத்தைப் பெற்றுத் தம் 'டிராகன் பெல்ட்'டில் பதித்துக்கொள்வார். போதிய சின்னங்கள் சேர்ந்தவர் 'டிராகன் ஸ்டார்' என்ற உச்சப் பட்டத்துக்குப் போட்டியிடலாம். நடுவர் உண்டு, புள்ளி உண்டு, திரைக்குப் பின்னே பகையும் நட்பும் உண்டு. முதல் பருவத்தில் புரூஸ் லீயின் மகள் ஷானன் லீ தொகுத்து வழங்கினார். ஆனால் ஒவ்வொரு சண்டையும் ஒத்திகை பார்க்கப்பட்டது. யார் வெல்வார் என்பது களமிறங்குவதற்கு முன்பே முடிவானது.

நாங்கள் குடும்பத்தோடு நியூ ஜெர்சிக்குக் குடிபோன ஆண்டில் எனக்கு ஒன்பது வயது. ஆங்கிலம் பாதிதான் புரியும் என்பதால், பேச்சுக் குறைவாகவும் அடி அதிகமாகவும் இருந்த இந்தத் தொடர்தான் எனக்கு முழுதாகப் புரிந்த ஒரே நிகழ்ச்சி. 'ரெட் டிராகன்' என்ற வீரர் தோற்ற வாரத்தில் நான் உண்மையான துக்கத்தோடு பள்ளிக்குப் போனேன். மதிய உணவு மேசையில் ஒரு பையன், "அதெல்லாம் நடிப்பு, உனக்குத் தெரியாதா?" என்று கேட்டுச் சிரித்தான். மேசையே சிரித்தது. அன்று மாலை வீட்டுக்கு வந்து, பதிவு செய்து வைத்திருந்த கேசட்டை வி.சி.ஆரில் போட்டு, 'பாஸ்' பொத்தானை அழுத்தி அழுத்தி, ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தேன். உதைத்த காலுக்கும் எதிராளியின் தாடைக்கும் இடையே ஒரு கையகல வெளிச்சம் இருந்தது. கால் வந்து சேரும் முன்பே தலை திரும்பத் தொடங்கியிருந்தது.

என் தம்பி இந்தத் தொடரைக் குழந்தைகளிடம் சொல்லப்பட்ட பொய் என்கிறான். எனக்கு ஏனோ அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. அதற்கான காரணத்தையும் என்னால் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. இங்கே உள்ளவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பதிவு 2 | கட்டாவாத்தியார்

பழையகேசட் அவர்களுக்கு வணக்கம். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கராத்தே கற்பித்து வருபவன் என்ற முறையில் இரண்டு செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, அந்தத் தொடரில் தோன்றியவர்கள் வேடதாரிகள் அல்லர். 'ஒலிம்பஸ்' என்ற பெயரில் வந்த ஹெர்ப் பெரெஸ், 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் டேக்வாண்டோவில் தங்கம் வென்றவர். அப்போது அது காட்சி விளையாட்டாக மட்டுமே இருந்தது. முழுமையான பதக்க விளையாட்டாக 2000-ஆம் ஆண்டு சிட்னியில்தான் ஏற்கப்பட்டது. அதே பெரெஸ் பிற்காலத்தில் கலிஃபோர்னியாவில் உள்ள ஃபாஸ்டர் சிட்டி என்ற ஊரின் மேயராகவும் இருந்தார். 'ரெட் டிராகன்' என்று உங்களை அழவைத்த கிறிஸ் காஸமாஸாவின் தந்தை நிறுவிய கராத்தே பள்ளியின் பெயரே 'ரெட் டிராகன்'தான். ஆகவே அந்தப் புனைபெயர்கூட முழுப் புனைவு அன்று. 'லேடி லைட்னிங்' என்று வந்த கிறிஸ்டின் பேனன் ரோட்ரிக்ஸ், கட்டாவிலும் (முன்பே வகுத்த அசைவுகளை வரிசையாக நிகழ்த்திக் காட்டுவது) சண்டையிலும் உலகப் பட்டங்களைப் பெற்றவர்.

இரண்டாவது, உண்மையான போட்டியை அப்படியே படம் பிடித்துக் காட்டியிருந்தால் ஒரு குழந்தையும் பார்த்திருக்காது. புள்ளிமுறைக் கராத்தே போட்டியைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். இருவரும் கால் மாற்றிக் கால் மாற்றித் துள்ளிக்கொண்டே இருப்பார்கள், கண் சிமிட்டும் நேரத்தில் ஏதோ நடக்கும், நடுவர் நிறுத்துவார், கொடி உயரும், மறுபடியும் துள்ளல். புள்ளி எப்படி விழுந்தது என்பது பத்து ஆண்டுகள் பயின்றவனுக்கே சில சமயம் தெரிவதில்லை. நடுவரின் கண்ணை நம்பிக் காலந்தள்ளிய டேக்வாண்டோ, அடி பட்டதைத் தானே பதியும் மின்னணுக் கவசத்தை ஒலிம்பிக்குக்குக் கொண்டுவர 2012 லண்டன் வரை காத்திருந்தது. நல்ல வீரன் தன் அடியை எதிராளியிடமிருந்து மறைக்கிறான், நல்ல நடிகன் அதைப் பார்வையாளருக்குக் காட்டுகிறான். ஒருவனே இரண்டையும் ஒரே கணத்தில் செய்வது அரிது.

ஆகவே என் தீர்ப்பு உங்கள் தம்பியின் பக்கம் பாதி, உங்கள் பக்கம் பாதி. திறமை உண்மை; 'போட்டி' என்ற சொல் பொய்.

பதிவு 3 | வாணி_இருபிள்ளைகள்

பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளும் தீர்ப்பு எனக்கு ஏற்புடையதாக இல்லை, ஐயா. பெரியவர்கள் திறமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது, பார்த்த குழந்தை என்ன செய்தது என்பதை ஒருவரும் கேட்பதில்லை.

அந்தத் தொடர் வந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். 1993-இல் 'பவர் ரேஞ்சர்ஸ்' என்ற குழந்தைகள் சண்டைத் தொடர் தொடங்கியது. அடுத்த ஆண்டே நியூசிலாந்தில் பெற்றோர் புகாரின் பேரில் அது நிறுத்தப்பட்டது. கனடாவிலும் ஒளிபரப்புத் தர மன்றம் அதைக் கண்டித்தது. கிறிஸ் போயட்சிஸும் அவருடைய குழுவினரும் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், அந்தத் தொடரின் ஓர் அத்தியாயத்தைப் பார்த்த பள்ளிப் பிள்ளைகள், பார்க்காத பிள்ளைகளைக் காட்டிலும் ஏழு மடங்கு முரட்டுச் செயல்களில் ஈடுபட்டதாகப் பதிவு செய்தார்கள். பெரியவர் ஒருவர் பொம்மையைக் குத்துவதைப் பார்த்த குழந்தைகள் அதே பொம்மையை அதேபோல் குத்தியதை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1961-லேயே காட்டிவிட்டார்.

இத்தனைக்கும் பவர் ரேஞ்சர்ஸில் எதிரி ஓர் அரக்கன், முகமூடி அணிந்தவன், வெடித்துச் சிதறிவிடுபவன். அது கதை என்பது ஐந்து வயதுக் குழந்தைக்கும் ஓரளவு தெரியும். டபிள்யூ.எம்.ஏ.சி. மாஸ்டர்ஸிலோ முகமூடி இல்லாத மனிதன், முகமூடி இல்லாத இன்னொரு மனிதனின் முகத்தில் உதைக்கிறான்; உதை வாங்கியவன் எழுந்து வணக்கம் சொல்லிவிட்டு நடந்து போகிறான். முகத்தில் உதை வாங்கினால் எழுந்து நடக்கலாம் என்றுதானே குழந்தை கற்றுக்கொள்ளும்? பழையகேசட் அவர்கள் பார்த்த அந்தக் கையகல வெளிச்சத்தை, வி.சி.ஆர். இல்லாத வீட்டுக் குழந்தை எப்படிப் பார்த்திருக்கும்?

என் மூத்தவன் ஆறு வயதில், எந்தத் தொடரைப் பார்த்தோ தெரியவில்லை, தங்கையின் வயிற்றில் உதைத்துவிட்டு, "நீ பின்னாடி பறந்து போயிருக்கணும்" என்று அவளிடம் குறைப்பட்டுக்கொண்டான். அவள் பறக்கவில்லை, அழுதாள்.

பதிவு 4 | இரண்டாம்அடி

சென்னையில் சண்டைப் பயிற்சியாளர் ஒருவரிடம் பதினான்கு ஆண்டுகள் உதவியாளராக இருந்து, முழங்கால் ஒத்துழைக்காததால் விலகியவன் நான். வாணி அம்மா எழுதிய கடைசி இரண்டு வரிகளைப் படித்துவிட்டு நீண்ட நேரம் எழுதாமல் இருந்தேன், ஏனென்றால் எங்கள் தொழிலின் முழு ரகசியமும் அதில் இருக்கிறது. சண்டைக் காட்சியில் அடியை உருவாக்குகிறவர் அடிப்பவர் என்று பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். அடி வாங்குகிறவர்தான் அதை உருவாக்குகிறார். அவர் எவ்வளவு தூரம் பறக்கிறாரோ அவ்வளவுதான் கதாநாயகனின் பலம்.

ஒரு குத்து எப்படித் தயாராகிறது என்பதைச் சொல்கிறேன். முதலில் தூரம்: கையை முழுதாக நீட்டினால் விரல் முட்டிக்கும் எதிராளியின் முகத்துக்கும் இடையே இடைவெளி விடும்படி கால் வைக்க வேண்டிய இடத்தைச் சாக்கட்டியால் குறித்துக்கொள்வோம். பிறகு கண்: குத்துவதற்கு முன் அடிப்பவர் எதிராளியின் கண்ணைப் பார்க்க வேண்டும். 'நான் தயார்' என்று அந்தக் கண் சொன்ன பிறகே கை கிளம்பலாம். திரையில் அது முறைப்பாகத் தெரியும். உண்மையில் அது அனுமதி கேட்பது. அதன் பிறகு எண்ணிக்கை: கால்வாசி வேகத்தில், ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே, நாற்பது ஐம்பது முறை. வேகத்தை நாங்கள் கூட்டுவதில்லை, உடம்பு மனப்பாடம் ஆனதும் அது தானாகவே கூடிவிடும்.

ஒற்றைக் கேமரா என்றால் வேலை எளிது. அடிப்பவரின் தோளுக்குப் பின்னால் கேமராவை வைத்தால் இடைவெளி மறைந்துவிடும். மீதியை ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்க்கும் 'டிஷ்யூம்' பார்த்துக்கொள்ளும். அரங்கத்தைச் சுற்றிப் பல கேமராக்கள் நிற்கின்றன என்றால் ஒன்றுக்கு மறைவது மற்றொன்றுக்குத் தெரியும். அப்போது மார்பிலும் தொடையிலும் விழும் அடிகளையாவது மெய்யாகவே படவைத்து, படும் கணத்தில் இழுத்துக்கொள்ள வேண்டும். போட்டியில் பழகியவர்களுக்கு இந்த இழுத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. அதனால்தான் அந்தத் தொடருக்கு நடிகர்களை விட்டுவிட்டுப் பட்டம் வென்றவர்களைத் தேடிப் போயிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இதெல்லாம் ஆபத்தில்லாதது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஷானன் லீயின் அண்ணன் பிராண்டன் லீ 1993 மார்ச் 31 அன்று வட கரோலினாவில் படப்பிடிப்பில் இறந்தார். துப்பாக்கிக் குழாயில் சிக்கியிருந்த ஒரு குண்டுமுனையை யாரும் கவனிக்கவில்லை. வெற்றுத் தோட்டா அதை வெளியே தள்ளிவிட்டது. இரண்டே ஆண்டுகளில் அவருடைய தங்கை, நடிப்புச் சண்டைகளைத் தொகுத்து வழங்க நின்றிருக்கிறார். அந்தப் பெண்ணின் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு.

பதிவு 5 | பழையகேசட்

இரண்டாம்அடி ஐயா, 'அனுமதி கேட்பது' என்று நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு பழைய அத்தியாயம் ஒன்றை மீண்டும் பார்த்தேன். ஒவ்வொரு பெரிய உதைக்கும் முன்னால் ஓர் அரைக் கணம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். ஒன்பது வயதில் அதைப் பகை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாணி அவர்கள் எழுப்பிய காலப் பின்னணியைப் பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். அது அவருக்குச் சாதகமா, எனக்குச் சாதகமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். 'சூப்பர்ஸ்டார்' என்ற பெயரில் வந்த ஹோ சுங் பாக், 1992-இல் வெளியான 'மார்ட்டல் காம்பாட்' வீடியோ விளையாட்டில் லியூ காங் பாத்திரத்துக்கு உடல் கொடுத்தவர். அவருடைய அசைவுகளைப் படம்பிடித்துத்தான் அந்தப் பாத்திரத்தை உருவாக்கினார்கள். தோற்றவனின் தலையைப் பிய்ப்பதும் நெஞ்சைப் பிளப்பதுமாக இருந்த அந்த விளையாட்டைத்தான் 1993 டிசம்பரில் அமெரிக்கச் செனட் சபையினர் விசாரணையில் போட்டுக் காட்டி அதிர்ச்சி தெரிவித்தார்கள். அடுத்த ஆண்டே வீடியோ விளையாட்டுகளுக்கு வயதுத் தரக் குறியீடு வந்தது. 'ரெட் டிராகன்' காஸமாஸாவோ, 1995 ஆகஸ்டில் வெளியான மார்ட்டல் காம்பாட் திரைப்படத்தில் ஸ்கார்ப்பியன் என்ற கொலையாளியாக வந்தவர். அதே ஆண்டில் இவ்விருவரும் குழந்தைகள் தொடரில் நின்று, கோபத்தை அடக்க வேண்டும், பெரியோரை மதிக்க வேண்டும், தோல்வியைத் தாங்கப் பழக வேண்டும் என்று பாடம் சொன்னார்கள்.

அந்தப் பாடங்கள் வெறும் நல்லெண்ணத்தால் வந்தவை என்றும் நான் நம்பவில்லை. 1990-இல் நிறைவேறிய குழந்தைகள் தொலைக்காட்சிச் சட்டம், குழந்தைகளின் கல்விக்கும் தகவலறிவுக்கும் உதவும் நிகழ்ச்சிகளை நிலையங்கள் வழங்க வேண்டும் என்றது. 1996-இல் அது வாரத்துக்கு மூன்று மணி நேரம் என்று எண்ணிக்கை வைத்துச் சொல்லப்பட்டது. சண்டைத் தொடர் விற்க வேண்டுமானால் ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஒரு நீதி இருப்பது நல்லது என்பது தயாரிப்பாளருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தயாரித்த 'ஃபோர் கிட்ஸ்' நிறுவனமே, பொம்மை உரிமங்களை வாங்கி விற்ற பழைய தொழிலிலிருந்து தொலைக்காட்சிக்கு வந்ததுதான். சில ஆண்டுகள் கழித்துப் போக்கிமானை ஆங்கிலத்தில் கொண்டுவந்து பெரும் பொருள் ஈட்டியதும் அதே நிறுவனம். சின்னங்களைச் சேகரித்துப் பெல்ட்டில் பதிப்பது என்ற யோசனையின் வாசனை எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரிகிறது.

பதிவு 6 | மூன்றுஎண்ணிக்கை

மல்யுத்த ரசிகனான நான் ஒன்றைச் சுட்டிக்காட்டாமல் இருக்க முடியவில்லை. முடிவு எழுதப்பட்ட சண்டையைப் போட்டி என்று விற்பது 1995-இல் தொடங்கியதன்று. டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற அமெரிக்க மல்யுத்த நிகழ்ச்சி நிறுவனம் பல ஆண்டுகள் அப்படித்தான் விற்றது. 1989-இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் கட்டுப்பாடுகளிலிருந்தும் வரியிலிருந்தும் விடுபடுவதற்காக, 'இது உண்மையான விளையாட்டுப் போட்டி அன்று, பார்வையாளர்களை மகிழ்விக்கும் கேளிக்கை' என்று அதுவே அரசிடம் ஒப்புக்கொண்டது. உண்மையைச் சொல்ல வைத்தது மனசாட்சி இல்லை, வரி. பழையகேசட் குடியிருந்த அதே மாநிலம் என்பது தற்செயல்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. 1993-இல் பல கலைகளின் வீரர்களும் மெய்யாகவே மோதிக்கொள்ளும் யூ.எஃப்.சி. போட்டி தொடங்கிய பிறகு, உண்மைச் சண்டை எப்படி இருக்கும் என்று உலகம் கண்ணால் பார்த்துவிட்டது: தரையில் கட்டிப் புரள்வார்கள், கழுத்தை நெரிப்பார்கள், பறந்து உதைப்பவர் அநேகமாகத் தோற்பார். கராத்தே, குங்ஃபூ என்று வளர்ந்த தலைமுறைக்கு அது பெரிய அதிர்ச்சி. அந்த அதிர்ச்சிக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, பறந்து உதைப்பவரே வெல்லும் ஓர் உலகத்தைக் குழந்தைகளுக்காகத் தனியே கட்டி வைத்தார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பரிதாபம் தெரிகிறது.

மற்றபடி, கட்டா வாத்தியாருக்கு இதைப் படித்தால் கோபம் வரும் என்று தெரியும்.

பதிவு 7 | கட்டாவாத்தியார்

கோபம் வரவில்லை, தம்பி. என் மாணவர்களில் பாதிப் பேரை 1990-களின் இறுதியில் நான் இழந்ததற்குக் காரணமே நீங்கள் சொன்னதுதான். யூ.எஃப்.சி. பற்றித் தனி இழை தொடங்குங்கள். அங்கே வந்து வழக்காடுகிறேன்.

பதிவு 8 | பத்துமலைவாசி

கோலாலம்பூரிலிருந்து வணக்கம். இதுவரை எழுதிய அனைவருமே, ஒத்திகை பார்த்த சண்டையும் போட்டியும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். வூஷு என்ற சீனத் தற்காப்புக் கலையைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது வியப்பாக இருக்கிறது, ஏனென்றால் ஒத்திகை பார்த்த சண்டையே போட்டியாக நடப்பதைப் பல முறை நேரில் பார்த்திருக்கிறேன்.

வூஷுவில் 'டுயிலியன்' என்று ஒரு பிரிவு உண்டு. இருவர் அல்லது மூவர், ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்கு, முன்பே அமைத்துப் பயின்ற சண்டையை விரிப்பின் மேல் நிகழ்த்த வேண்டும். வெறுங்கையோடும் நிகழ்த்தலாம், வாளுக்கு எதிராக ஈட்டி என்று ஆயுதங்களோடும் நிகழ்த்தலாம். யார் யாரை வீழ்த்தினார் என்று ஒருவரும் கேட்பதில்லை, அந்த இருவரும் ஒரே அணி. அடுத்து விரிப்பில் ஏறும் இணையர்தான் அவர்களுக்கு எதிராளிகள். தாக்குதல் எதிராளியின் உடலிலிருந்து விலகிப் போனால் மதிப்பெண் போகும். அடி வருவதற்கு முன்பே ஒருவர் காத்துக்கொண்டு நின்றால் போகும். ஆயுதம் கை தவறினால் போகும். உண்மையாகவே மோதிக்கொள்வதற்கு 'சாண்டா' என்ற வேறு பிரிவு இருக்கிறது. இரண்டும் உலகப் போட்டிகளில் அருகருகே நடக்கின்றன, ஒன்றைப் பார்த்து மற்றொன்றை ஒருவரும் பொய் என்று சொல்வதில்லை. 1993-இல் வூஷு உலகப் போட்டி எங்கள் ஊரில் நடந்தது. என் மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனதாகச் சொல்வார்.

ஈட்டி முனை தொண்டைக்கு நேராக வரும்போது, எதிரே நிற்பவர் கடைசி நொடியில்தான் குனிய வேண்டும். ஒரு நொடி முன்னால் குனிந்தால் அரங்கம் "ச்ச்" என்று நாக்கை உறிஞ்சும். சரியான நொடியில் குனிந்தால் சத்தமே வராது. மூச்சை இழுத்துப் பிடித்திருப்பார்கள்.

கட்டா வாத்தியார் ஐயா, உங்கள் கராத்தேயிலும் இது உண்டல்லவா?

பதிவு 9 | கட்டாவாத்தியார்

உண்டு, நானே எழுதியிருக்க வேண்டும். அணிக் கட்டா போட்டியில் மூவர் சேர்ந்து கட்டாவை நிகழ்த்திய பிறகு, பதக்கத்துக்கான சுற்றில் அதன் 'புன்காய்', அதாவது ஒவ்வோர் அசைவும் எதிராளியின் மீது எப்படிப் பயன்படும் என்ற விளக்கத்தை, ஒருவர் மீது ஒருவர் செய்து காட்ட வேண்டும். அது முழுக்க ஒத்திகை பார்த்த சண்டைதான். ஷோரின்ஜி கெம்போ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலையில் இணையர் நிகழ்த்தும் 'எம்பு'தான் போட்டியின் உயிர். கட்டா வாத்தியார் என்று பெயர் வைத்துக்கொண்டு, 'போட்டி என்ற சொல் பொய்' என்று எழுதியதற்கு வெட்கப்படுகிறேன். பத்துமலைவாசிக்கு நன்றி.

பதிவு 10 | பழையகேசட்

தம்பியிடம் சொல்ல முடியாமல் தவித்தேனே, அதற்கான சொற்களைப் பத்துமலைவாசி கொடுத்துவிட்டார்.

அந்தத் தொடர் மீது எனக்குக் குறை உண்டு. ஆனால் அந்தக் குறை, பொய் சொன்னார்கள் என்பதைவிட, தங்களிடம் இருந்தவற்றுள் மிகச் சிறந்ததை ஒளித்துவைத்தார்கள் என்பதுதான். உலகப் பட்டங்கள் பெற்ற ஒருவர் இன்னொருவரின் முகத்துக்கு முன் ஒரு கையகலத்தில் காலை நிறுத்துகிறார். மற்றவர் அந்தக் கால் வரும் வேகத்தைக் கணித்துத் தலையைத் திருப்புகிறார். இருவரும் கண்ணால் பேசிக்கொள்கிறார்கள். நான் கேசட்டை நிறுத்தி நிறுத்திக் கண்டுபிடித்தது உண்மையில் அதைத்தான். ஆனால் மேசையில் சிரிப்பு வாங்கிய பையன் என்பதால், அது எனக்குக் கலையாகத் தெரியாமல் மோசடியாகத் தெரிந்தது. அத்தியாயத்தின் கடைசி இரண்டு நிமிடங்களில் அந்த இருவரையும் நிற்க வைத்து, 'இதை இப்படித்தான் செய்தோம், எத்தனை முறை தவறினோம் பாருங்கள்' என்று மெதுவாகக் காட்டியிருந்தால், அடுத்த நாள் பள்ளியில் நான் அல்லவா மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன்? வாணி அவர்களின் மகனுக்கும், தங்கை பறக்காததன் காரணம் தெரிந்திருக்கும்.

தொடரில் வந்தவர்கள் அந்தக் கலையை வைத்துத்தான் பிழைத்தார்கள் என்பதையும் பாருங்கள். கிறிஸ்டின் பேனன் ரோட்ரிக்ஸ் 1997-இல் வந்த பேட்மேன் படத்தில் அலிசியா சில்வர்ஸ்டோனுக்கு டூப்பாக நடித்தார். ஹோ சுங் பாக் அதற்கு முன்பே, 1994-இல், ஜாக்கி சான் படத்தில் நடித்திருந்தார். அங்கெல்லாம் ஒத்திகைச் சண்டை ஒரு தொழில், மதிப்புள்ள தொழில். குழந்தைகளிடம் மட்டும் அது வெளியே சொல்லக்கூடாத விஷயமாகிவிட்டது.

பதிவு 11 | வாணி_இருபிள்ளைகள்

கடைசி இரண்டு நிமிட யோசனையை நான் ஏற்கிறேன். மற்றதை ஏற்கவில்லை. எப்படிச் செய்வது என்று கற்றுக்கொடுத்தால், வீட்டு வரவேற்பறையில் இன்னும் அதிகமாகச் செய்வார்கள். ஆனால் தெரியாமல் செய்வதைவிடத் தெரிந்து செய்வது மேல் என்ற அளவுக்கு இறங்கி வருகிறேன்.

எனக்கு ஒரு கேள்வி. ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவரிடம் போய், 'இந்த வாரம் நீங்கள் தோற்க வேண்டும்' என்று எப்படிச் சொல்லியிருப்பார்கள்? அவர் எப்படி ஒத்துக்கொண்டிருப்பார்?

பதிவு 12 | இரண்டாம்அடி

அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது, அம்மா. எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன். புதிதாக வரும் பையன்களில், ஊர்ப் போட்டிகளில் கோப்பை வாங்கியவர்கள்தான் முதல் மாதம் திணறுவார்கள். கதாநாயகன் குத்தினால், உடம்பு தானாகத் தடுத்துவிடும். வேண்டுமென்று செய்வதில்லை, அத்தனை ஆண்டுப் பயிற்சி அப்படி. ஒருமுறை ஒரு பையன், குத்து வந்ததும் அழகாக விலகி, நாயகரின் கையை மடக்கிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். படப்பிடிப்புத் தளத்தில் ஊசி விழும் ஓசை கேட்கும் அமைதி. பிடித்த பிடியை எப்படி விடுவது என்று தெரியாமல் அவன் முழித்த முழியை இன்றும் மறக்க முடியவில்லை.

மாஸ்டர் அவனைத் திட்டவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தனியே கூப்பிட்டு, மூன்று மணி நேரம் விழுவதற்கு மட்டும் பயிற்சி கொடுத்தார். தோளில் விழுவது, முதுகில் விழுவது, மேசை உடைந்து விழுவது, படியில் உருண்டு விழுவது. மாலைக்குள் அவனுக்கு அதில் ஒரு ருசி வந்துவிட்டது. 'மறுபடியும் ஒரு தடவை, மாஸ்டர்' என்று அவனே கேட்கத் தொடங்கினான். தோற்பது என்று சொன்னால் ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். விழுவது என்று சொன்னால் அது ஒரு வித்தை. வித்தைக்காரன் எவனும் வேண்டாம் என்று சொல்ல மாட்டான்.

பதிவு 13 | கட்டாவாத்தியார்

இந்த இழையைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. சென்ற சனிக்கிழமை வகுப்பில், பத்து வயதுப் பையன்கள் இருவரை அழைத்து, முப்பது வினாடிச் சண்டை ஒன்றை அவர்களே அமைத்து வரும்படி சொன்னேன். கால் மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் முதல் இருபத்தைந்து வினாடி பிரமாதமாக இருக்கிறது. கடைசி ஐந்து வினாடி இல்லை. யார் தோற்பது என்று இருவருக்கும் தகராறு. இருவருமே மஞ்சள் பெல்ட். இருவருமே மாட்டேன் என்கிறார்கள்.

இரண்டாம்அடி ஐயாவின் மாஸ்டரை நினைத்துக்கொண்டு, 'தோற்பவர் யார் என்பதை விடுங்கள், எப்படி விழுவது என்பதை யார் அமைக்கிறீர்கள்?' என்று கேட்டேன். ஒல்லியாக இருந்தவன் கையைத் தூக்கினான். உதை வாங்கி, அரைச் சுற்றுச் சுழன்று, ஒரு காலில் தள்ளாடி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மற்ற மாணவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மரம் சாய்வதுபோல் பின்னால் சாய்ந்தான். விழுந்த பிறகும் ஒரு கால் மட்டும் இருமுறை துடித்தது. வகுப்பே கைதட்டியது. உதைத்தவனை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அரை மணி நேரம், நான்தான் விழுவேன், நான்தான் விழுவேன் என்று இருவருக்கும் புதிய தகராறு.

பதிவு 14 | வாணி_இருபிள்ளைகள்

விரிப்பு எவ்வளவு கனம், ஐயா?

பதிவு 15 | கட்டாவாத்தியார்

ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் வகை, 40 மில்லிமீட்டர். மரம்போல் சாய்வதற்கு முன் தாடையை நெஞ்சோடு ஒட்டிவைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்த பிறகுதான் அனுமதித்தேன். உங்கள் பிள்ளைகள் இருவரையும் அழைத்து வாருங்கள். தங்கையை முதலில் பறக்கவிடுவோம்.